படகில் சொல்லக் கூடாத பெயர்

எட்டு மணி நேரம் தூங்குவதெல்லாம் சோம்பேறிகள் வேலை என்று எர்வானுக்கு ஒரு காலையில் ஞானோதயம் வந்தது. அன்று அவன் ஒன்பது மணி நேரம் தூங்கியிருந்தான்.

கடலைத் தனியாளாகக் கடக்கிறவர்கள் இருபது நிமிடம் தூங்குவார்கள், எழுந்து சுற்றிலும் பார்ப்பார்கள், மறுபடி இருபது நிமிடம். கொங்கார்னோ துறைமுகத்தில் அவர்கள் நடையே வேறு. அந்த நடைக்கு ஐம்பது வயதுவரை ஏங்கியவன் எர்வான். வசந்தத்தில் தனியாள் போட்டி. அவனும் மனைவி அசெனோரும் சேர்ந்து வாங்கிய படகு தயாராக நின்றது.

"கரையில கட்டிப்போட்ட படகுலயே ஒரு வாரம் அப்படித் தூங்கிக் காட்டறேன். அப்புறம் என்னைத் தடுக்கக் கூடாது."

"தோத்துட்டா?"

"நீ சொல்றதைக் கேக்கறேன்."

"சரிங்க. பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்."

இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் அலாரம் மணி அலறினால் கடற்பறவைகள் பறந்தன. எர்வான் மட்டும் அசைய மறுத்தான். எழுந்த நேரங்களில் காப்பியில் உப்பைப் போட்டான். பாய்மரத்துக்கு வணக்கம் சொன்னான். நாள் நீண்டது உண்மைதான். ஆனால் நீண்ட நாளில் ஒன்றுமே மனதில் தங்கவில்லை. இந்த வருடம் விட்டால் இனி இல்லை என்ற பயம் மட்டும் தங்கியது.

வாரம் முடிந்தது.

"எல்லா மணிக்கும் முழிச்சேன்!"

"நேத்து சாயங்காலம்?"

"கண்ணுதான் மூடியிருந்துச்சு. காது திறந்தேதான் இருந்துச்சு."

"அப்ப நான் உங்க காதுல 'முயல், முயல்'னு பாடினது கேட்டிருக்குமே?"

எர்வானுக்கு முகம் வெளுத்தது. படகில் அந்தப் பெயரைச் சொன்னால் படகு மூழ்கும் என்பது அந்த ஊர்க் கடலோடிகளின் நம்பிக்கை. அவன் வம்சமே அதை 'நீளக் காது' என்றுதான் சொல்லும்.

"படகுலயா சொன்னே, பாவி!"

"கேட்டிருந்தா அந்தப் படகுல இனி நீங்க ஏற மாட்டீங்க. கேக்கலைன்னா தூங்கிட்டீங்க. எதுங்க?"

எர்வான் அலாரம் மணியை அணைத்து அவள் கையில் கொடுத்தான்.

"தூங்கிட்டேன்," என்றான். "ரொம்ப ஆசைப்பட்டேன், அசெனோர்."

"தெரியும். நடுக்கடல்ல உங்களை யாரு எழுப்புவா? எனக்கு நீங்க வேணுங்க."

"சரி. படகு இந்த வருஷம் போகலை."

"போகலைன்னு யார் சொன்னா? ஒரு வாரமா மணி அடிச்சப்பல்லாம் எழுந்து உங்களைப் பாத்தது யாரு?"

"ஐயோ, அந்தப் பேரைச் சொன்ன படகுடி!"

"நான் விவசாயி மக. எங்க வீட்டுல அது ஞாயித்துக்கிழமைக் குழம்பு."

வசந்தத்தில் அசெனோர் தனியாளாகப் போட்டிக்குக் கிளம்பினாள். கரையில் நின்று கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்த எர்வான், இருபது நிமிடத்துக்கு ஒரு தரம், மணியே இல்லாமல் எழுந்து உட்கார்ந்தான்.