பச்சைக் குச்சி, மஞ்சள் குச்சி

பைண்டர் நெஞ்சு அடைத்துச் செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அச்சகத்து மாடி ஹாலில் இரங்கல் கூட்டம். அவருடைய உயிர் நண்பர், அதே அச்சகத்தில் பிழை திருத்துபவர், அன்று காலை கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். இன்றைக்கு எப்படியாவது சீஸ் சாப்பிட்டே தீருவது.

மனசுதான் துக்கம் கொண்டாடும். வயிறு கொண்டாடுமா? நாலு மாசம் முன்னால் இவருக்கும் நெஞ்சு அடைத்து, உயிர் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. வெண்ணெய், சீஸ் இரண்டையும் தொடக்கூடாது என்றார் டாக்டர். டாக்டர் மறந்திருப்பார், மனைவி மறக்கவில்லை.

கூட்டங்களுக்கு சாண்ட்விச் செய்து கொடுப்பது அவள் தொழில்; இந்தக் கூட்டத்துக்கும் அவள்தான். பிரிந்துவிடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு பல்குத்தும் குச்சி செருகுவாள். மஞ்சள் குச்சி என்றால் உள்ளே வெண்ணெயும் சீஸும். பச்சை என்றால் வெறும் வெள்ளரிக்காய், இவரையும் பைண்டரையும் போன்ற இதயக்காரர்களுக்கு.

"சாப்பிட்ட குச்சியத் தூக்கிப் போட்டுடாதீங்க. தட்டுலயே இருக்கட்டும். நான் வந்து பாப்பேன்."

"குச்சியப் போய் என்னத்தப் பாக்கறது?"

"உங்களைத் தூக்கிட்டுப் போறதைப் பாக்க வேண்டாமேன்னுதான் குச்சியப் பாக்கறேன்."

அவள் குளிக்கப் போனாள். பிழை திருத்துபவர் சமையலறைக்குள் பூனைபோல் நுழைந்தார். நாலு சீஸ் சாண்ட்விச்சில் மஞ்சளைப் பிடுங்கிப் பச்சையைக் குத்தினார். பிடுங்கிய மஞ்சளை நாலு வெள்ளரிக்காயில் குத்தினார். தன்னுடைய நாலையும் தட்டின் இடது ஓரத்தில் அடுக்கினார். கை நடுங்கவில்லை. அதில் அவருக்கே கொஞ்சம் பெருமை.

ஹாலில் முதலாளி பேசினார், அழுதார், உட்கார்ந்தார். தட்டு வந்தது. இவர் இடது ஓரத்திலிருந்த நாலையும் அள்ளிக்கொண்டு, கண்ணை மூடிக் கடித்தார்.

வெள்ளரிக்காய்.

இரண்டாவது, வெள்ளரிக்காய். மூன்றாவதைக் கடிக்கும்போது பக்கத்தில் மனைவி தண்ணீரோடு நின்றாள்.

"என்னங்க, ரொம்பப் பசியா?"

"துக்கம்மா. கை எங்க போகுதுன்னே தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுது. அதான் உள்ள இருக்கறதை மாத்தி வச்சேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பிடுங்கிக் குத்தினா ரொட்டியில ரெண்டு ஓட்டை விழும். முப்பது வருஷமா ஊரார் பிழையத் திருத்தறீங்க, இது கண்ணுல படலையா?"

"உனக்கு மட்டும் எப்படிப் பட்டுது?"

"அக்காதான் பாக்கச் சொன்னாங்க." முன்வரிசையில் இருந்த பைண்டரின் மனைவியைக் கண்ணால் காட்டினாள். "அண்ணன் கடைசிக் கூட்டத்துல சாப்பிட்டு மிச்சம் வச்ச ரொட்டியில பச்சைக் குச்சிதான் இருந்துச்சாம். ஓட்டை ரெண்டு."

பிழை திருத்துபவர் கையிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் பார்த்தார்; அதிலும் ஓட்டை ரெண்டு. பைண்டரின் மனைவி எழுந்து மெதுவாக வந்து, தன் தட்டிலிருந்த பச்சைக் குச்சி சாண்ட்விச்சை அவரிடம் நீட்டினாள்.

"இதையும் சாப்பிடுங்க தம்பி. அவர் சாப்பிட்டிருக்க வேண்டியது."

அவர் வாங்கி, தன் நாலில் மிச்சமிருந்ததை முடித்துவிட்டு, ஐந்தாவது வெள்ளரிக்காயையும் மென்றார்.