நாலாம் நம்பர் மைக்ராஸ்கோப்

"எலும்பு ஒடிஞ்சா ஒட்டிக்கறது. குருத்தெலும்பு தேஞ்சா மட்டும் அப்படியே கிடக்கறது. ஏன்னு ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு எப்படிச் சொல்வேள்?"

போன ஓணத்துக்கு முன்னால், உடற்கூறியல் டிபார்ட்மென்டில் காபியை ஆற்றிக்கொண்டே ஜானவி கேட்டாள்.

"எலும்புக்குள்ள ரத்தக்குழாய் ஓடறது, வேணுங்கறது வந்து சேர்றது. குருத்தெலும்புக்கு அது கிடையாது. பக்கத்திலேருந்து கசிஞ்சு வரதை வச்சுண்டு ஜீவிக்கணும்," என்றான் கேசவ்.

"அப்போ நீங்க குருத்தெலும்பாக்கும். வேணுங்கறதை வாயைத் திறந்து கேக்கமாட்டேள். தானா கசிஞ்சு வரட்டும்னு உக்காந்திருப்பேள்."

அவளிடம் கேட்க அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இன்றுவரை அது தொண்டையைத் தாண்டவில்லை. இன்றோ ஜானவிக்கு அந்தக் கல்லூரியில் கடைசி நாள். சாயந்திரம் தம்பானூர் ஸ்டேஷனில் கோயம்புத்தூர் ரயில். அங்கே புது வேலை.

பிராக்டிகல் பரீட்சைக்கு முன் மைக்ராஸ்கோப்புகளைச் சரிபார்க்க வந்த கேசவ், நாலாவதில் குனிந்தான். மங்கலாகத் தெரிந்தது. திருகைத் திருப்பினான், வழக்கம்போல் கொஞ்சம் அதிகமாக. லென்ஸ் கீழேயிருந்த ஸ்லைடில் போய் முட்டியது. எடுத்துப் பார்த்தால் குறுக்கே விரிசல்.

ஜானவியின் எலும்பு ஸ்லைடு! எலும்புத் துண்டைக் காகிதம் போல மெலிசாகும்வரை கல்லில் தேய்த்துத் தேய்த்து அவள் செய்தது. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். டிபார்ட்மென்டில் உருப்படியாக இருந்த எலும்பு ஸ்லைடு அது ஒன்றுதான்.

"என்ன, ஏதாவது சொல்லணுமா?" வாசலில் ஜானவி, வெள்ளைக் கோட்டுப் பையில் கையை விட்டபடி.

"ஒண்ணுமில்லை."

உடைந்ததை டிராயருக்குள் தள்ளிவிட்டு, ஸ்லைடுப் பெட்டியில் கைக்குக் கிடைத்ததைப் பொருத்தினான். குருத்தெலும்பு. ஐந்தாவதிலும் அதுதான் இருந்தது. நாலாவதில் அதை மாற்றி மூச்சுக்குழாய் ஸ்லைடை வைத்தான். மூச்சுக்குழாயை அமுங்காமல் காப்பது எது? குருத்தெலும்பு. வியர்த்துப்போய் அதையும் உருவிவிட்டுக் காதுமடலை வைத்தான். மடக்கினாலும் நிமிர்ந்துகொள்ளும் காதுக்குள்ளும் அதேதான்.

"இப்போ?" ஜானவி மறுபடியும் வந்து நின்றாள். "சொல்லணும்னா சொல்லிடுங்கோ. எக்ஸாமினர் வந்தாச்சு."

"இல்லை... விசேஷமா ஒண்ணுமில்லை."

நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் சுப்புலக்ஷ்மி மேடம் நாலில் குனிந்தார். ஐந்தில் குனிந்தார். நிமிர்ந்தார்.

"ஏன்பா, உங்க காலேஜில ஒருத்தருக்கும் எலும்பே கிடையாதா?"

லேப் உதவியாளர் சுஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கேசவ் பெட்டியைப் பார்த்தான். ஒளிந்துகொள்ள இனி ஒரு குருத்தெலும்பும் மிச்சமில்லை.

"நான்தான் உடைச்சேன், ஜானவி. உங்க ஸ்லைடை. திருகைக் கூடுதலாத் திருப்பிட்டேன்."

"சாரமில்லை, போனாப் போறது," என்றாள் அவள். கொஞ்சமும் பதறவில்லை. "அவ்வளவுதானா?"

"இல்லை." திறந்த வாயை மூடுவதுதான் இப்போது கஷ்டமாக இருந்தது. "சாயந்திரம் ரயில் ஏறாதேங்கோ. என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேளா?"

சுப்புலக்ஷ்மி மேடம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஹாவூ!" என்று நிம்மதியாக நெஞ்சில் கை வைத்தாள் சுஜா. "அப்போ டீச்சரே, கோட்டுப் பையிலிருக்கிற நல்ல ஸ்லைடை இனி வெளியே எடுக்கலாமல்லோ? சார் வாயைத் திறக்கணும்னு காலையில நாம வச்ச அந்த விரிசல் விழுந்த பழசை நான் குப்பையில போட்டுடறேன்."