சனிக்கிழமையை நிறுத்தி வைத்தது குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

செவ்வாய்க்கிழமை காலை
(உண்மையான செவ்வாய்க்கிழமை)

பெருமதிப்பிற்குரிய வருங்காலச் சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் மனைவியாரும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையவில்லை என்றால் அதற்கும் நானே காரணம் என்று எழுதிவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடம் தாங்கள் கொடுத்தனுப்பிய இரண்டு பக்க அறிக்கை கிடைத்தது. முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. "ஞாயிறு மாலை 4.00: பெண்ணின் தகப்பனார் வரவில்லை. 4.10: வரவில்லை. 4.25: காபி ஆறியது. 5.00: காபி மீண்டும் சூடாக்கப்பட்டது. 5.40: அந்தக் காபியை என் மனைவி குடித்துவிட்டாள். 7.15: காத்திருத்தல் ரத்து." இதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்குக் கீழே, "இனி இந்தக் கல்யாணப் பேச்சே வேண்டாம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான் என் மகள் நேற்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் விரும்பி, நம் இருவரிடமும் முறையாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற பிள்ளைகள். ஆறின காபிக்காக அவர்கள் வாழ்க்கையை ரத்து செய்வது நியாயமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நான் வேண்டுமென்றே வராமல் இருக்கவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமையே வரவில்லை. சிரிக்காமல் மேலே படியுங்கள்.

நான் சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் இருக்கைப் பொறுப்பாளர் என்பது தங்களுக்குத் தெரியும். போன புதன்கிழமை அங்கே தொடங்கியது உலக நாடுகளின் நிர்வாகச் சீர்திருத்த மாநாடு. உலகத்தை இனிமேல் யார் நடத்துவது என்று பேசி முடிப்பதற்கு நாலு நாள் ஒதுக்கியிருந்தார்கள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டும். முடிந்தால் ஞாயிறு நாலு மணிக்குத் தங்கள் வீட்டு வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருப்பேன். ஆனால் முதல் நாள் காலையிலேயே நாற்காலியில் பிடித்தது சனி. எங்கள் மண்டபத்தின் நடு மேஜையில் ஐந்து நாற்காலிகளுக்கு மட்டும் கைப்பிடி உண்டு. மற்ற எதற்கும் கிடையாது. மண்டபம் கட்டிய காலத்தில் யார் கை ஓங்கியிருந்ததோ அவர்களுக்குக் கைப்பிடி போட்டுவிட்டார்கள். கைப்பிடி நாற்காலிக்காரர் ஒருவர் "முடியாது" என்றால் போதும், மீதி உலகமே சேர்ந்து "முடியும்" என்றாலும் முடியாது. இதற்குப் பெயர் வீட்டோ. அன்றைய பலசாலிகளில் ஒருவர் இன்று தள்ளாடுகிறார். அவருடைய குழுவினர் இரவல் குடையோடு வந்து இறங்கினார்கள். அன்றைக்கு வாசலில் நின்றவர் இன்றைக்கு உலகத்துக்கே சாமான் விற்கிறார், ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அந்த நாட்டு அதிகாரி புதன்கிழமை காலை ஒரு அளவு நாடாவோடு வந்து எல்லா நாற்காலியையும் அளந்துவிட்டு, "எங்களுக்கும் கைப்பிடி வேண்டும்" என்றார். அவர் கேட்டதும் அவருக்குப் பக்கத்து நாட்டுக்காரர், "அவருக்குக் கொடுத்தா எனக்கும் வேணும். எனக்குக் கொடுக்கலைன்னா அவருக்கும் கூடாது" என்றார். மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு நாடுகள் கைப்பிடி கேட்டு மனு கொடுத்துவிட்டன.

என்னைக் கூப்பிட்டு, "முடியுமா?" என்று கேட்டார்கள். நான் எங்கள் தச்சரைக் கூப்பிட்டேன். அவர், "கை வைக்கிறது பெரிய வேலையில்ல சார். எல்லாத்துக்கும் கை வச்சா நாற்காலி அகலமாயிரும், மேஜை பத்தாது. யாரையாவது வெளியில அனுப்பணும். யாருன்னு மட்டும் நீங்க சொல்லிருங்க" என்றார். நான் எங்கே சொல்வது? அப்படியானால் ஐந்து நாற்காலியிலும் கையை எடுத்துவிடலாம், எல்லாரும் சமம் என்று ஒரு நல்ல மனிதர் யோசனை சொன்னார். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் மாநாட்டில் முதல் முறையாக ஒற்றுமையாகச் சொன்ன வார்த்தை "முடியாது" என்பதுதான். பிறகு சமரசமாக, புதியவர்களுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி என்றார்கள். தச்சர் வெள்ளிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒற்றைக் கை நாற்காலி ஒன்று செய்து கொண்டுவந்தார். கை இடப்பக்கமா வலப்பக்கமா என்று சண்டை. அதை ஆராய ஒரு குழு. அந்தக் குழுவுக்கு உட்கார நாற்காலி கேட்டு என்னிடமே ஆள் வந்தது. ஏசி மின்சாரத்துக்குப் பெரும்பங்கு தருகிற பெரிய நாட்டுக்காரர், பேச்சு பிடிக்கவில்லை என்று தன் பங்கை நிறுத்திக்கொண்டார். ஏசி நின்றது. எல்லாரும் கோட்டைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்படிப் பார்த்தால் யார் வல்லரசு, யார் சுண்டைக்காய் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் கடைசி வரிசையில் ஒரு அம்மாள். ஏதோ ஒரு சிறு தீவின் பிரதிநிதி. நிகழ்ச்சி நிரலில் அவருடைய விஷயம் பத்தொன்பதாவது. அவர்கள் ஊர்த் துறைமுகச் சாலையில் கடல் ஏறிவிட்டதாம், சுவர் கட்ட எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். கைப்பிடியெல்லாம் அவர் கேட்கவில்லை. காலையும் மாலையும் என்னிடம் வந்து, "ஐயா, இன்னைக்காவது எங்க முறை வருமா?" என்று கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் "வரும்மா" என்றேன். நாலு நாளும் முதல் விஷயத்தைத் தாண்டவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது தாங்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை பகல் பதினொன்று ஐம்பத்தைந்து. பன்னிரண்டு அடித்தால் விதிப்படி மாநாடு தோல்வி. தலைவர் என்னை ஜாடை காட்டி அழைத்து, "ஏணியப் போட்டு ஏறி கடியாரத்த நிறுத்திருங்க" என்றார். இது அங்கே வழக்கம்தான் சம்பந்தி, நான் இட்டுக்கட்டவில்லை. பேச்சு முடியவில்லை என்றால் கடியாரத்தை நிறுத்திவிடுவார்கள். கடியாரம் ஓடாதவரை கெடுவும் தாண்டாது. முப்பத்தொரு வருட வேலையில் ஏழு முறை நிறுத்தியிருக்கிறேன். தங்களைப் போன்ற நேரக் காப்பாளரிடம் இதைச் சொல்வது கசாப்புக் கடைக்காரர் பசு வளர்ப்பவரிடம் பேசுகிற மாதிரிதான். என்ன செய்வது, அதுதான் என் உத்தியோகம். நிறுத்தினேன். கதவைச் சாத்திவிட்டார்கள். முடிவு வரும்வரை பணியாளர்கள் உட்பட யாரும் வெளியே போகக் கூடாது. கைபேசியும் கைக்கடிகாரமும் முதல் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மண்டபத்தில் ஜன்னல் கிடையாது. சாப்பாடு என்று பிஸ்கட்டும் ரொட்டியும் ஒரு துவாரம் வழியாக வந்தது. எத்தனை முறை தூங்கி எழுந்தோம் என்று யாருக்கும் கணக்கில்லை. கைப்பிடி உள்ளவர்கள் சாய்ந்து தூங்கினார்கள், இல்லாதவர்கள் விழுந்து விழுந்து எழுந்தார்கள். தாங்கள் காபியைச் சூடாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் எங்களுக்குச் சனிக்கிழமை பதினொன்று ஐம்பத்தைந்துதான். என் மனைவி ஃபோன் செய்து மண்டபத்தில் மாட்டிக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறாள். "அவர் வாயால சொல்லட்டும்" என்று தாங்கள் வைத்துவிட்டீர்களாம்.

ஒரு கட்டத்தில் அந்தத் தீவு அம்மாள் எழுந்து நின்றார். தலைவர், "உங்க முறை இன்னும் வரலையே" என்றார். அவர் கத்தவில்லை. "நீங்க கடியாரத்த நிறுத்திட்டீங்க. எங்க ஊர்ல தண்ணி நேரத்துக்கு வந்துருது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு இடக்கை வலக்கைக் குழுவின் அறிக்கை வாசிக்கப்பட்டது. எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. அந்த அம்மாளுக்காகவா, நாலு மணிக்கு வருகிறேன் என்று தங்களிடம் கொடுத்த வார்த்தைக்காகவா, அப்பா தேதியோடு வருவார் என்று காத்திருக்கும் என் மகளுக்காகவா, ஏணியை இழுத்துப் போட்டு ஏறி கடியாரத்தை ஓட விட்டுவிட்டேன். டிக் டிக் சத்தம் கேட்டதும் தூங்கிக்கொண்டிருந்த வல்லரசுகள் எல்லாம் அலறிக்கொண்டு எழுந்தன. ஐந்தே நிமிடம். கைப்பிடி விவகாரத்தை ஆராயலாமா என்று அடுத்த மாநாட்டில் ஆராய்வது என ஒரு வரி. மற்ற பதினேழு விஷயங்களும் ஒத்திவைப்பு. பத்தொன்பதாவதாகத் தலைவர் சுவரைப் படித்தார். எதிர்ப்புச் சொல்ல ஒருவர் மைக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு அடித்தது. ஆட்சேபிக்க ஆளில்லாமல் சுவர் நிறைவேறிவிட்டது. கதவைத் திறந்தால் வெளியில் திங்கட்கிழமை காலை. அந்த அம்மாள் என் கையைக் குலுக்கிவிட்டு ஊருக்கு ஃபோன் செய்ய ஓடினார். அலுவலகம் மாலையே எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியது. அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை, தங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். இந்த மரியாதையையாவது தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கம். போன மாதம் தாங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார வைத்து அவமானப்படுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தியமாக அது அவமானம் இல்லை, அகர வரிசை. வேலைப் பழக்கத்தில் சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு பெயர் அட்டை மடித்து வைத்துவிட்டேன். யாருக்கும் மேல் கீழ் இருக்கக் கூடாது என்றுதான் எழுத்து வரிசைப்படி வைத்தேன். தையல்கடை வைத்திருக்கும் என் மைத்துனன் மேஜையின் தலைப்பக்க நாற்காலிக்குப் போனதும், தாங்கள் கடைசி எழுத்தில் வந்ததும் பெற்றவர்கள் பெயர் வைத்த வினை. மெஷின் அந்த நேரத்தில் சுற்ற ஆரம்பித்து, தங்கள் காபிக் கோப்பை தட்டோடு நடந்து போனது என் குற்றம்தான். மன்னிக்க வேண்டுகிறேன். "மனுஷங்கள உட்கார வைங்கன்னா நாடுகள உட்கார வைக்கிறீங்களே" என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே எனக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. தேதி தாங்கள் சொல்வதுதான். மண்டபம் தாங்கள் சொல்வதுதான். தங்கள் வீட்டுக்கே வந்து பேசவும் தயார். ஆனால் போன மாதம் தாங்கள் இங்கு வந்தது சாப்பாட்டுக்கு, பேச்சுவார்த்தைக்கு அல்ல என்பதால், முறையாகப் பார்த்தால் முதல் முறை யார் யார் வீட்டுக்குப் போவது என்பது இன்னும் தீரவில்லை. நடுவில் ஒரு காபிக் கடை இருக்கிறது, வட்ட மேஜை. அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்பதைப் பற்றி நான் வாயே திறக்கப்போவதில்லை, பெண்ணின் பெற்றோர் பெயர் முதலில் வந்தால் போதும். விருந்தினர் எண்ணிக்கையில் மட்டும் எனக்கு ஒரு சின்ன வீட்டோ வேண்டும். தங்களுக்கும் ஒன்று தருகிறேன். வழக்கப்படி நாம் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசுவோம். பெண்கள் வந்தால் பேச்சு திசை மாறிவிடும்.

பிள்ளைகள் முகத்தை நினைத்துத் தங்கள் மனம் இளக வேண்டும். தங்கள் மனைவியாருக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு என் அன்பையும், தங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனையையும் சேர்ப்பிக்கவும். எல்லாரும் நீடூழி நலமாக வாழ்க.

இப்படிக்கு,
தாங்கள் மனது வைத்தால் தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காலையில் மார்க்கெட்டுக்குப் போகிறோம் என்று கிளம்பிய என் மனைவியும் மகளும் இறங்கினார்கள். பின்னாலேயே தங்கள் மகனும், தங்கள் மனைவியாரும். நால்வரும் பதிவு அலுவலகத்திலிருந்து வருகிறார்களாம். போன மாதமே மனுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். மெஷின் சுற்றிய அன்றைக்கு மறுநாள். பதினொரு நிமிடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்து, ஒன்று தங்கள் மனைவி, மற்றது என் மனைவி, மூன்றாவது அந்த ஆட்டோக்காரர். "எங்கள ஒரு வார்த்தை கேக்கலையே" என்றேன். "உங்க ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உட்கார வைக்கிறதுக்குள்ள எங்களுக்குப் பேரப்பிள்ளை பொறந்துரும்" என்றாள் என் மனைவி. தங்கள் மனைவியார் தலையாட்டினார். என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நேற்றிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள், அதனால் என்னால் கோபப்பட முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன். இவ்வளவு தூரம் எழுதியதை வீணாக்க மனமில்லாமல் இதைத் தங்கள் மனைவியாரிடமே கொடுத்தனுப்புகிறேன். இன்று மாலை தங்கள் வீட்டில்தான் சாப்பாடாம், நேரம் இன்னும் தங்களுக்கே சொல்லவில்லையாம். நம் இருவருக்கும் அழைப்பு உண்டு. பார்வையாளர்களாக வரலாமாம், பேசத்தான் கூடாதாம்.