முப்பது வருடச் சாம்பியன்

“உங்க கௌரவப் பலகையில ‘மாநில மல்யுத்தப் போட்டியில் இரண்டாமிடம்’னு போடப் போறோம். சரிதானே சார்?” என்று தொலைபேசியில் கேட்டாள் பெய்ஜ். அயோவாவில் லைல் ஹோக்ஸ்ட்ரா படித்த பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர் அவள்.

“ராங் நம்பர்ங்க,” என்று வைத்துவிட்டான் லைல்.

எதிரே மனைவி ஜோலீனும் மாமனார் மெர்வினும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை லைல் இரண்டாமிடம் இல்லை, மாநிலச் சாம்பியன். காதலித்த காலத்தில் முதன்முதலாக அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, “மல்யுத்தம் பண்ணுவியாமே, மாநில இறுதிப் போட்டியில என்னாச்சு?” என்று மெர்வின் கேட்டார். “ஜெயிச்சேன்,” என்று வாயில் வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, அவன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தார். அதை விழுங்கி முப்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து முடிதிருத்தும் கடையிலும் தேவாலயத்திலும் “என் மாப்பிள்ளை சாம்பியன்” என்று அவர் சொல்லாத நாளில்லை.

இப்போது பள்ளிக்கூடம் அவனைக் கௌரவிக்கப் போகிறது. வெள்ளிக்கிழமை விழா. குட்டு வெளிப்பட்டால் பெண்டாட்டி முகத்திலும் மாமனார் முகத்திலும் எப்படி விழிப்பது?

மறுநாள் தான் வேலை பார்க்கும் தானியக் கிடங்கிலிருந்து பெய்ஜைக் கூப்பிட்டான். மல்யுத்தமே வேண்டாம், அமெரிக்க ஃபுட்பாலை மட்டும் எழுதினால் போதும் என்று கெஞ்சினான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே பருவத்தில் ஆயிரத்து நானூறு கெஜம் ஓடியவன். இரண்டு முறை மாவட்ட அணியில் இடம் பிடித்தவன். ஒரு பலகைக்கு இது போதாதா?

இவ்வளவு அடக்கமான மனிதரா என்று பெய்ஜ் உருகிப்போனாள். உருகியவள் சும்மா இருக்கவில்லை. பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கிளறி, அந்த இறுதிப் போட்டியின் படத்தையே கண்டுபிடித்துவிட்டாள். கதவளவுக்குப் பெரிதாக்கி உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் வைக்கப் போவதாகச் சந்தோஷமாகச் சொன்னாள்.

லைலுக்கு அந்தப் போட்டியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். ஐந்துக்கு நாலு என்று பின்தங்கியிருந்தவன், கடைசி மூச்சைப் பிடித்து எதிராளியைக் கீழே சாய்த்தான். அதற்கு இரண்டு புள்ளி உண்டு. நேரம் முடிந்த பிறகு சாய்த்தது செல்லாது என்றுவிட்டார் நடுவர்.

விழாவுக்குக் குடும்பத்தாரை விடமாட்டார்களாம் என்று வீட்டில் ஒரு போடு போட்டுப் பார்த்தான். ஜோலீனுக்கு வந்ததே கோபம். நேரே பள்ளிக்குத் தொலைபேசி போட்டாள். எத்தனை பேரை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள் என்றாள் பெய்ஜ். மெர்வின் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தேவாலயத்துப் பேருந்தில் பதினான்கு பேரை ஏற்றினார். கூடவே ‘எங்கள் சாம்பியன்’ என்று எழுதிய கேக் வேறு.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், படத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான் லைல். நல்ல அகலமான முதுகு. அவன் தலைக்கு மேலே நடுவரின் கை மட்டும்தான் தெரிந்தது. பதினான்கு பேரும் அவனோடு நின்று புகைப்படம் எடுக்க வரிசை கட்டினார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பின்னால் இருக்கிற படமும் விழட்டும் என்றாள் ஒருத்தி. நகர முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது என்றான் லைல்.

பாவம் என்று ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். நாலு பேர் சேர்ந்து அவனை அலாக்காகத் தூக்கி, ஓரமாக உட்கார வைத்தார்கள். படம் முழுசாகத் தெரிந்தது.

நடுவர் யாரோ ஒருவனின் கையைத் தூக்கிப் பிடித்திருக்க, பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான் பதினெட்டு வயது லைல்.

“யாரு லைல் இவன்?” என்றாள் ஜோலீன்.

“ஜெயிச்சவன்,” என்றான் லைல். இனி மறைக்க ஒன்றுமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, மாமனாரை நிமிர்ந்து பார்த்தான். “நான் தோத்துட்டேன் மாமா. முப்பது வருஷமா உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சிருங்க.”

எல்லோரும் மெர்வினையே பார்த்தார்கள். அவர் கேக்கை மகளிடம் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தின் அருகே போனார். ஓரத்தில், நேரம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில், கையில் சுருட்டிய துண்டோடு குனிந்து நின்ற ஆளின் மேல் விரலை வைத்தார்.

“இது நான்தான் மாப்பிள்ளை. அந்தக் கூச்சல்ல மணி கேக்காதுன்னு, நேரம் முடிஞ்சதும் நடுவர் முதுகுல துண்டால தட்டுறது என் வேலை. அன்னைக்குப் பதட்டத்துல ஒரு நொடி முன்னாடியே தட்டிட்டேன்.”