வேண்டுமென்றே உடைந்த கோப்பை

ஒரு வேலையிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றால் செய்ய மாட்டேன் என்று சொல்லலாம். அதற்குத் தைரியம் வேண்டும். தைரியம் இல்லாதவர்கள் அந்த வேலையைச் செய்தே தொலைக்க வேண்டும். ஆனால், 'இந்த மனுஷன்கிட்ட ஏன்தான் சொன்னோமோ' என்று சொன்னவர்கள் தலையில் அடித்துக்கொள்கிற மாதிரி செய்ய வேண்டும்.

'மோப்பம்' அப்படித்தான் செய்வது என்று முடிவு கட்டினார்.

மோப்பம் என்பது ஆபீசில் அவருக்கு வைத்த பெயர். மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் விற்கிற கம்பெனி அது. கெட்டுப்போச்சு என்று ஜனங்கள் திருப்பிக் கொண்டுவருவதை வாங்கி, தானாகக் கெட்டதா, புதுசு கிடைக்கும் என்று அவர்களே கெடுத்ததா என்று கண்டுபிடித்து, இங்கிலீஷ் படிவத்தில் எழுதுவது அவர் வேலை. மிக்ஸியைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்தவர் மூஞ்சியைப் பார்ப்பார். அது போதும்.

வெளியில் புலி. வீட்டில் வந்ததுதான் வினை.

மாடி வீட்டு அக்கா திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து, வெள்ளி தவிர தினமும், காலை எட்டு முதல் பதினொன்று வரை வந்து தைத்துக் கொடு என்று மோப்பத்தின் மனைவியைக் கூப்பிட்டுவிட்டாள். மோப்பத்துக்கு ஆபீஸ் பன்னிரண்டு மணிக்குத்தான். எட்டிலிருந்து பதினொன்று வரை அவர் போர்வைக்குள் இருக்கிற நேரம். பூமியே புரண்டாலும் அவர் புரள மாட்டார்.

"என்னங்க, அந்த மூணு மணி நேரம் வீட்டையும் பாப்பாவையும் நீங்க பாத்துக்குவீங்களா?"

"தாராளமா! பொண்டாட்டிய முன்னேற விடாதவன் எல்லாம் ஒரு புருஷனா?"

அவர் வாய் எப்போதும் அவரைவிட ஓர் அடி முன்னால் போகும்.

"அப்ப ஒரு வாரம் பழகிப் பாருங்க. நான் இருந்தா கை சும்மா இருக்காது. எட்டு மணிக்கு வெளிய போயிடறேன்."

திங்கட்கிழமை பாத்திரம் விளக்கினார். ஒரு கோப்பை 'டணார்'. பதினொரு மணிக்கு அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் நின்று, "ஐயோ, கை வழுக்கிடுச்சும்மா! என்னை மன்னிச்சிடும்மா!" என்றார்.

செவ்வாய்க்கிழமை துணி துவைத்தார். வெள்ளைச் சட்டை ஒன்று வெட்கப்பட்ட மாதிரி சிவந்துவிட்டது. மன்னிப்பு.

புதன்கிழமை பாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சினார். சட்டி கரியாகிவிட்டது. பெரிய மன்னிப்பு.

வியாழக்கிழமை டயப்பரைப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டினார். எட்டு மாதப் பாப்பா மட்டும் கைகொட்டிச் சிரித்தாள்.

ஒவ்வொரு நாளும் அவள், "பரவால்லங்க" என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமை ஒரு பெருமூச்சும் விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டு மோப்பம் திரும்பி நின்று சிரித்துக்கொண்டார். இன்னும் ஒன்றிரண்டு பெருமூச்சு வந்தால் போர்வை மீண்டுவிடும்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு, மிச்சமிருந்த படிவங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏழாவதோடு நின்றவள். இங்கிலீஷை எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள்.

"இந்த எடத்துல மட்டும் ஒவ்வொண்ணுலயும் வேற வேற எழுதியிருக்கீங்களே, என்னங்க இது?"

"எல்லாம் வேணும்னே செஞ்சதுக்குத்தான்."

"ஒரே திருட்டுத்தனத்துக்கு இத்தனை வார்த்தையா?"

"அதுலதாம்மா இருக்கு சூட்சுமம்!" மோப்பம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் அவரை யாரும் எதுவும் கேட்டு வெகுநாளாயிற்று. "பர்பஸ்லின்னா, ஒரு காரியத்தை மனசுல வெச்சுச் செய்யறது. டெலிபரேட்லின்னா, நிதானமா, யோசிச்சு, எடம் பாத்துச் செய்யறது. நோயிங்லின்னா, கெட்டுப்போகும்னு தெரிஞ்சும் செய்யறது. வில்ஃபுல்லின்னா, செய்யாதேன்னு சொன்ன பெறகும் அழிச்சாட்டியமா செய்யறது."

"அம்மாடி! அதை எப்படிங்க கண்டுபிடிப்பீங்க? செஞ்சவன் ஒத்துக்குவானா?"

"ஒத்துக்க மாட்டான். ஆனா காட்டிக் குடுத்துடுவான். அது நடக்கும்போது பக்கத்துல ஆளே இருக்காது. நல்ல பொருள்ல கையே வைக்க மாட்டான். எப்படியும் தூக்கிப் போடற பொருளாத்தான் பாத்து ஒடைப்பான். அப்புறம், நாம கேக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேப்பான். நெசமாவே கை தவறினவன் ஒடைஞ்ச பொருளைப் பாப்பான்மா. வேணும்னு ஒடைச்சவன் நம்ம மூஞ்சியப் பாப்பான்!"

அவள் பாப்பாவை அடுத்த தோளுக்கு மாற்றினாள்.

"அப்ப அந்தக் கோப்பை?"

"எந்தக் கோப்பை?"

"விளிம்பு போன கோப்பை. பக்கத்துலயே ஆறு புதுசு இருந்துச்சு. உங்க கை அதுக்கு மட்டும் வழுக்கியிருக்கு."

"அது... ஏதோ நேரம்."

"கருகினதும் பிடி இல்லாத சட்டி. சரி, அதை விடுங்க. எங்கண்ணன் எடுத்துக் குடுத்த சட்டை, உங்களுக்குப் புடிக்கலைன்னு மடிப்புக்கூடக் கலையாம இருந்துச்சு. அதைச் செவப்புத் துண்டோட ஊறப் போடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? அதுக்கு எந்த வார்த்தைங்க?"

"சொல்லியும் கேக்காம செஞ்சா வில்ஃபுல்லி" என்று தொழில் பக்தியில் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் மோப்பத்துக்கு வியர்த்தது. "இல்லம்மா! சத்தியமா எனக்கு வேலை வரலை. எல்லாமே தெரியாமத்தான்!"

"தெரியாமத்தானா? அப்பச் சரி. வேலை வராதவங்களுக்கு மூணு மணி நேரப் பழக்கம் எப்படிங்க பத்தும்? லீவு நாள்ல காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் பழகுங்க. தெரிஞ்சேதான் செஞ்சீங்கன்னா, உங்களுக்கு வேலை நல்லா வருதுன்னு அர்த்தம். மூணு மணி நேரம் போதும். எதுன்னு நீங்களே எழுதிடுங்க."

எழுதாத படிவம் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். குரலை உயர்த்தவே இல்லை. அவளுக்குக் குரல் உயரவே வராது.

மோப்பம் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். எத்தனை பேரை இப்படி எதிரில் உட்காரவைத்து வேடிக்கை பார்த்திருப்பார்! கடைசியில் 'டெலிபரேட்லி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, "நிதானமா, யோசிச்சு, எடம் பாத்து. ம்" என்று தலையாட்டினாள்.

திடீரென்று மோப்பத்தின் முகம் மலர்ந்தது.

"என் தப்புதாம்மா. ஒத்துக்கறேன். ஆனா பாவம், திங்கக்கெழமையே வரச் சொன்ன அக்கா இத்தனை நாள் காத்திருப்பாங்களா? வேற ஆளைப் போட்டிருப்பாங்க. இனிமே போய்க் கேட்டா நமக்குத்தான் அசிங்கம்."

"வேற ஆளை எதுக்குங்க போடணும்?"

"நீ போகலையே!"

அவள் பாப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாலு நாளா எட்டு மணிக்குக் கெளம்பிப் போறவ எங்க போறான்னு, ஊரையே விசாரிக்கற மனுஷன் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"