பட்டியலில் நான் போட்ட கோடுகள்

சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தேங்காய் வாங்கினால் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரர் முகத்தையும் ஒருதடவை உற்றுப் பார்ப்பேன். நாங்கள் அய்யாவழிக்காரர்கள். அந்த அய்யாவைத் தவிர யாரையும் முழுசாக நம்பியதில்லை. (என் வீட்டுக்காரரை முக்கால்வாசி.)

அப்படிப்பட்ட எனக்குக் கம்ப்யூட்டர் படித்த சுதா மருமகளாக வந்தாள்.

நாங்கள் கும்பிடப் போகும் ஊர்த் தாங்கலில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க ஒரு புண்ணியவான் பத்துப் பழைய கம்ப்யூட்டர் கொடுத்தார். சுதாவுக்கு டீச்சர் வேலை மேல் ஆசை. தாங்கல் பெரியவர், "ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடியும்போ பத்தும் ஓடணும். ஓடினா நீதான் டீச்சர்" என்றுவிட்டார்.

சுதா ஒரு பென் டிரைவ் தயாரித்தாள். அதைச் செருகினால் கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளுமாம். என்னென்ன ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் அதற்குள்ளேயே உண்டு. சனிக்கிழமை வீட்டில் சோதித்துக் காட்டினாள். பட்டியலில் இருந்தது ஐந்தே பெயர். திரையிலோ நூற்றுக்கணக்கில் ஓடின.

"ஏட்டி, நீ அஞ்சு பேருதானே எழுதின? இதெல்லாம் ஆரு?"

"அந்த அஞ்சும் ஓட இதெல்லாம் வேணும் மாமி. அதுவே தேடிக் கூட்டிட்டு வரும்."

"வேண்டாம்னு சொல்ல முடியாதா?"

"பேருக்கு முன்ன ஒரு கோடு போட்டா வராது. ஆனா..."

'ஆனா'வுக்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அவள் ஒயர் வாங்கக் குழித்துறைக்குப் போனதும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வந்த பெயர்களையெல்லாம் ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருந்தாள். என்னுடைய எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் அதற்குப் போதும். பாதிப் பெயர்கள் 'லிப்' என்று தொடங்கின. ஒரே குடும்பம்! கல்யாணத்துக்கு ஒரு மாமனை அழைத்தால் வேன் பிடித்து வந்து இறங்குவார்களே, அதே கூட்டம். நெற்றியில் நாமம் இட்டு, அய்யாவை நினைத்து, பென் டிரைவில் இருந்த பட்டியலில் முப்பது லிப்புகளைத் தட்டி முன்னால் கோடு போட்டேன். (குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி!)

பாவம், சுதா திறந்து பார்க்காமல் அதையே பத்துப் பென் டிரைவில் நகலெடுத்தாள்.

ஞாயிறு. பத்தையும் செருகிவிட்டு உச்சிநேர வழிபாட்டுப் படிப்புக்கு உட்கார்ந்தோம். முடிந்து வந்து பார்த்தால் பத்துத் திரையிலும் ஒரே சிவப்பு வரி. தேவையானவை விலக்கப்பட்டிருக்கின்றன, மேலே போக முடியாது என்று அர்த்தமாம்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "மக்கா, இது ஒனக்குத் தோதுப்படாது போல. நாரோயில்ல ஒரு டீச்சர் உண்டு, கேட்டுப் பாப்போம்."

சுதா பட்டியலைத் திறந்தாள். வரிசையாகக் கோடுகள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "எனக்க தப்புதான் பாட்டா" என்றாள்.

கும்பிடுவதற்காகத் தாங்கலின் கருவறையான பள்ளியறையில் வைத்திருக்கும் கண்ணாடி அங்கிருந்தே தெரியும். அதில் நன்றாகவே தெரிந்தது, திருட்டு முழியோடு என் முகம். அய்யா முன்னால் பொய்க்குத் துணை நிற்க முடியுமா?

"பாட்டா, கோடு போட்டது நானாக்கும்."

"நீயா? எதுக்கு?"

"முன்னப்பின்ன தெரியாத ஆளுவ மாதிரி இருந்து."

கூட்டமே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "இங்க அன்னதர்மத்துக்கு உக்காந்தவங்ககிட்ட ஆருன்னு கேட்டிருக்கமா?" என்றார். அவரும் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் குறைவாக வலித்திருக்கும்.

சுதா கோடுகளை அழித்து மறுபடி செருகினாள். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது பத்தும் பளிச்சென்று எரிந்தன. "திங்கக்கிழமையில இருந்து வந்திரு டீச்சரே" என்றார் பெரியவர்.

போன மாதம் பேத்திக்குப் பெயர் வைக்க சுதாவின் பிறந்த வீட்டார் பத்மநாபபுரத்திலிருந்து வந்தார்கள். வேனிலிருந்து ஆட்கள் இறங்க இறங்க, சுதா என் காதில் சொன்னாள்: "எல்லாம் லிப்புதான் மாமி. விட்டிருங்க."

விட்டுவிட்டேன். (கடைசியாக இறங்கிய இரண்டு பேர் யாரென்று மட்டும் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.)