காந்தத்தாரும் கப்பல் காரும்

பெற்றோல் இல்லாமல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய அந்த யுத்த நாட்களில், வன்னியில் பழைய கார் வாங்க நினைத்தவனுக்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள். ஒன்று மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு, மற்றது காந்தத்தார். மண்ணெண்ணெயாவது என்றைக்காவது வந்து சேரும். காந்தத்தாரிடம் அகப்பட்டவனுக்கு விமோசனமே கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் இருந்தார். பழைய வாகனங்களுக்கு விலை மதிப்பதுதான் வேலை. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைச் சணல் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். கோயிலுக்குள் போகும்போது சட்டையைக் கழற்றுவார், காந்தத்தைக் கழற்றமாட்டார்.

காருக்குக் கிட்டப் போனதும் அந்தக் காந்தத்தை அங்கங்கே ஒட்டிப் பார்ப்பார். ஒட்டினால் தகரம். வழுக்கினால், துருவோட்டையைப் பசையால் அடைத்து மேலே பெயின்ற் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வயிற்றைக் குமட்டும் கட்டம். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, துருவை நகத்தால் சுரண்டி நாக்கில் வைப்பார்.

“இது இரணைமடுக் குளத்துத் துரு. வாய்க்கால் தண்ணி பட்ட கார். மேலால மட்டும் தின்னும், பயமில்லை” என்பார். அல்லது காறித் துப்பிவிட்டு, “கடல் துரு. உள்ளால அரிச்சுப்போட்டுது. பழைய இரும்புக்குப் போடுங்கோ” என்று எழும்பிப் போய்விடுவார்.

விசுவமடுவில் ஒரு வாத்தியார் தன்னுடைய ஒஸ்ரின் காருக்கு நீலப் பெயின்ற் அடித்து, மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார். காந்தத்தார் கதவில் காந்தத்தை வைத்தார். அது வழுக்கித் திரும்பி அவருடைய நெஞ்சிலேயே மோதியது.

“மாஸ்ரர், கதவு எங்க?”

“அதைத்தானே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்.”

“நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது பசை. நான் கதவைக் கேட்டனான்.”

வாத்தியார் அதற்குப் பிறகு அவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

இதுவரைக்கும் சரி. வாங்குகிறவனுக்கு இப்படி ஒரு மனிதர் தெய்வம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். அந்த மனுசனுக்கு வாங்குகிறவன், விற்கிறவன் என்ற பேதமே கிடையாது. விலை கூடியிருந்தால் குறைப்பார். குறைந்திருந்தால் கூட்டிவிடுவார். தன்னைக் கூட்டிவந்தது யார், தனக்குப் பனங்கட்டியும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தது யார் என்பதெல்லாம் காரைக் கண்டதும் மறந்துபோகும். அப்படியென்றால் ஏன் அவரைக் கூப்பிடவேண்டும்? அவர் காந்தம் வைக்காத காரை விற்கிறவனும் விற்கமாட்டான், வாங்குகிறவனும் வாங்கமாட்டான். ஊர் அப்படிப் பழகிவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, நான் மாமனாரின் அரிசி ஆலையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த காலம். மாமனார் நல்லவர்தான். ஆனால் சாப்பிடும்போது என் தட்டை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையிலிருந்து தப்ப ஒரே வழி, சொந்தமாக ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடுவது. என் மனைவி ராணி அலுமாரியைத் திறந்து தன்னுடைய இரண்டு தங்கக் காப்பையும் என் கையில் வைத்தாள். வீட்டை விட்டு வந்தபோது அவள் கொண்டுவந்த நகை அவ்வளவுதான். அவளுடைய அம்மா போட்டுவிட்ட காப்புகள்.

“ஒண்டு காருக்கு, மற்றது காரைத் திருத்த. திருத்துறதில மிஞ்சினால் எனக்குத் திரும்பி வரவேணும்” என்றாள்.

மிச்சம் பிடித்து ஒரு காப்பையாவது திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று நானும் வீரமாகச் சொன்னேன்.

அளம்பில் கரையில் பிலோமினா அக்காவின் வளவில் ஒரு கப்பல் கார் நின்றது. எட்டுச் சிலிண்டர் அமெரிக்கக் கார், பின் சீற்றில் ஒரு குடும்பமே படுத்துறங்கலாம். அவருடைய புருஷன் நாலைந்து வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. நல்ல காலத்தில் கொழும்பிலிருந்து ஆசைப்பட்டு வாங்கிய கார். அவர் செத்தபிறகு கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கதவைத் திறந்தால் நாற்றம் ஆளைத் தள்ளியது. கருவாடு காயப்போட்ட காரோ என்று கேட்டேன். அக்கா வெட்கப்பட்டு, நான் நினைத்ததிலும் குறைவாக விலை சொன்னார். ஒரு காப்பை விற்றாலே மிச்சம் வரும். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அக்கா, “காந்தத்தார் வந்து ஒரு சொல்லுச் சொல்லட்டும் தம்பி” என்றுவிட்டார்.

சைக்கிள் பாரில் அவரை ஏற்றிக்கொண்டு அந்த மணலில் நானே உழக்கினேன். என்னுடைய கெட்ட காலத்தை நானே சுமந்துகொண்டு போனேன் என்று சொல்லவேண்டும்.

அவர் காருக்கு அடியில் போனார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கோயில் திருவிழாவில் நிற்கிறவரின் முகம் மாதிரி இருந்தது.

“பிள்ளை, உம்மட அவர் இதுக்கு அடியில என்ன பூசினவர்?”

“வள்ளத்துக்குப் பூசுற சுறா எண்ணெய்தான் ஐயா. வள்ளத்துக்குப் பூசேக்கை இதுக்கும் பூசுவார். மரமோ இரும்போ, கடற்கரையில நிண்டால் எண்ணெய் வைக்கவேணும் எண்டுவார். அதுதான் இந்த நாத்தம். நான் எத்தனை தரம் பேசினனான்.”

“பேசாதேயும். மனுசன் காரைக் காப்பாத்திப்போட்டுப் போயிருக்கிறான். கடல் காத்து ஒரு இடத்தில படேல்லை. நாக்கில துருவே வரேல்லை, மீன்தான் வருது. நீர் சொன்ன விலை காணாது பிள்ளை, கூட்டிக் கேளும்.”

நான் அவருடைய காலை மிதித்தேன்.

“என்ன தம்பி, காலை மிதிக்கிறீர்?” என்று வளவு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, ஏறக்குறைய இரட்டை விலை சொன்னார்.

அக்கா அழுதுவிட்டார். இரண்டு வலை வாங்கலாம் என்றார். அழுகிறவரிடம் விலை குறைக்க முடியுமா? இரண்டு காப்பும் போயின. திரும்பும் வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே உழக்கினேன்.

“உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது நான் அல்லோ?”

“ஓம். காரைக் கேட்டால் அதுக்கு நீர் ஆரெண்டே தெரியாது” என்றார் பாரில் இருந்தபடி.

திருத்தக் காசில்லை. மாமனாரிடமே கடன் வாங்கினேன், பார்வை இன்னும் கூர்மையானது. கார் ஓடியது. ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயால் கொஞ்சம் பெற்றோல் சொட்டவிட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகை கக்கிக்கொண்டு கிளம்பும். கல்யாண ஹயர் போனால் மணப்பொம்பிளை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்குவாள். பூனைகள் பின்னால் ஓடிவரும். சாம்பிராணி போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், மாமியார் திருநீறும் தூவினார். சுறா அசையவில்லை. ஒவ்வொரு ஹயரிலும் காந்தத்தாரை வைதேன். ஆனால் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் மற்றக் கார்களின் அடித்தகரம் கழன்று விழ, என்னுடையது விழவில்லை. கடன் தீர்ந்தது. காப்பு மட்டும் திரும்பவில்லை. ராணி கேட்கவும் இல்லை. வெறுங்கையோடு திரிந்தாள், அதுதான் எனக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

பிறகு நாங்கள் வவுனியாவுக்கு வெளிக்கிடவேண்டி வந்தது. காரைக் கொண்டுபோக வழியில்லை. ஊரை விட்டுப் போகிறவன் என்று தெரிந்ததும் வந்தவர்களெல்லாம் அடிமாட்டு விலை கேட்டார்கள். முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு காப்புக்கும் காணாத காசு சொன்னார். கொடுத்துவிடத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அந்தப் புத்திசாலி மறுநாள் காந்தத்தாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

காந்தத்தார் என்னைத் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. காந்தத்தை ஒட்டினார். அடியில் போனார். நக்கினார். எழும்பி மண்ணைத் தட்டினார்.

“சொன்ன விலை காணாது” என்றார்.

கடைக்காரரின் செருப்பு மெல்ல நகர்ந்ததை நான் கண்டேன்.

“என்ன தம்பி, காலை மிதிக்கிறீர்?”

அந்தக் கடைக்காரரின் முகம் இருக்கிறதே, அது அளம்பிலில் என்னுடைய முகம். கடைசியில் இரண்டு காப்பின் காசை எண்ணி என் கையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

நான் காந்தத்தாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். “எனக்காகச் சொன்னியளோ?” என்றேன்.

“உமக்கில்லை. காருக்கு” என்று கையை இழுத்துக்கொண்டு, பனங்கட்டி இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தக் காசில் வவுனியாவில் வாங்கிய காப்பு இரண்டையும் ராணி இன்றைக்கும் போட்டிருக்கிறாள். அதில் சுறா எண்ணெய் மணக்கிறது என்று சில நாட்களில் நான் சொல்வேன். “உங்களுக்குக் காந்தத்தாரின்ர நினைப்பு வந்திட்டுது” என்பாள் அவள். வந்துவிடுகிறதுதான்.